மெத்தென்று இறங்கினால் போதுமா? சிமுலேட்டரில் ஜெட் ஓட்டுவோர் பழக வேண்டியது வேறு!

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிறவர்களிடம் ‘எது கஷ்டம்?’ என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும்: லேண்டிங். மேலே ஏறுவதில் யாருக்கும் பெரிய சிக்கல் இல்லை. த்ராட்டிலை முன்னால் தள்ளி, வேகம் வந்ததும் ஜாய்ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தால் விமானம் கிளம்பிவிடும். இறக்கும்போதுதான் எல்லாச் சொதப்பலும். ஓடுபாதையைத் தாண்டிப் போய் வயலில் நிற்பது, தரையில் பட்டதும் பந்து மாதிரி துள்ளுவது, ஓடுபாதை வருவதற்கு முன்பே ‘டமார்’ என்று விழுவது... செஸ்னா போன்ற சின்ன விமானத்தில் கை பழகியவர்கூட போயிங் 737, ஏர்பஸ் ஏ320 என்று மாறியதும் மறுபடி அ, ஆ-விலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

இதற்குக் கிடைக்கும் யோசனைகளில் பெரும்பாலானவை கடைசி 30 அடியைப் பற்றியவை. மூக்கை எப்போது தூக்குவது, எவ்வளவு தூக்குவது, த்ராட்டிலை எப்போது இழுப்பது என்று. அவை தேவைதான். ஆனால் அந்த 30 அடியில் தெரியும் கோளாறுகளில் பெரும்பாலானவை 10 கடல் மைலுக்கு முன்பே தொடங்கிவிட்டவை. அதைவிட முக்கியமாக, கோளாறு என்று தெரிந்த பிறகும் ‘பரவாயில்லை, இறக்கிடலாம்’ என்று தொடர்வதுதான் பெரிய பிரச்சினை. சிமுலேட்டரில் அதற்கு விலை ஒரு ரீஸ்டார்ட். நிஜத்தில் மங்களூருவும் கோழிக்கோடும் கொடுத்த விலை வேறு.

ஜெட் ஏன் செஸ்னா மாதிரி இல்லை?

செஸ்னா 172 போன்ற விமானம் ஒரு டன்னுக்குச் சற்று அதிக எடையில், 60 - 65 நாட் வேகத்தில் இறங்கும். 737-800 சுமார் 60 டன் எடையுடன், ஏறக்குறைய 140 நாட்டில் வரும். மணிக்கு 260 கி.மீ. அதாவது ஒவ்வொரு நொடிக்கும் சுமார் 72 மீட்டர் ஓடுபாதை காலி.

உயரமும் வேகமும்தான் விமானத்தின் கையிருப்பு. தரைக்கு வருவதற்குள் இரண்டையும் செலவழித்தே ஆக வேண்டும். செஸ்னாவில் த்ராட்டிலை இழுத்தால் முன்னாலுள்ள புரொப்பெல்லரே பிரேக் மாதிரி வேலை செய்யும். வேகம் சட்டென்று விழும். ஜெட்டில் அது கிடையாது. காற்றை வழுக்கிக்கொண்டு போவதற்கென்றே செய்த உடம்பு அது. மூக்கைக் கீழே சாய்த்தால் உயரம் குறையும், வேகம் ஏறும். மூக்கை நிமிர்த்தினால் வேகம் குறையும், உயரம் அப்படியே நிற்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் சீக்கிரம் குறைக்க நினைத்தால் ஜெட் ஒத்துழைக்காது.

இன்னொரு வித்தியாசம் இன்ஜின். ஜெட் இன்ஜின் ஐடில் நிலையிலிருந்து முழு விசைக்கு வர சில நொடிகள் எடுக்கும். ஐடிலில் இருந்து த்ராட்டிலைத் தள்ளிய 8 நொடிக்குள் கிடைக்கும் விசையைக் கொண்டே விமானம் மேலே ஏற முடியுமா என்பதைத்தான் பயணிகள் விமானங்களுக்கான தரச்சான்று விதிகள் பார்க்கின்றன. எனவே வேகம் விழுந்த பிறகு ‘ஐயோ’ என்று தள்ளினால் இன்ஜின் விழிப்பதற்குள் தரை வந்துவிடும்.

மூன்றாம் வாய்ப்பாடு தெரிந்தால் போதும்

பெரும்பாலான ஓடுபாதைகளுக்கு விமானம் 3 டிகிரி சரிவில் இறங்குகிறது. இதற்கு மனக்கணக்கு எளிது. உயரத்தை ஆயிரங்களில் எடுத்து மூன்றால் பெருக்கினால் அத்தனை கடல் மைல் முன்பே இறங்கத் தொடங்க வேண்டும். 10,000 அடி என்றால் 30 கடல் மைல். வேகத்தைக் குறைக்கவும் தூரம் வேண்டும் என்பதால் இன்னொரு 10 மைல் சேர்த்துக்கொள்வது நல்லது. ஓடுபாதைக்கு 10 மைல் இருக்கும்போது உயரம் 3,000 அடி, 5 மைலில் 1,500 அடி (ஓடுபாதை மட்டத்திலிருந்து). இதைவிட ரொம்ப மேலே இருந்தால் அப்போதே எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும்.

இறங்கும் விகிதத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. தரைவேகத்தை ஐந்தால் பெருக்கினால் போதும். 140 நாட் என்றால் நிமிடத்துக்கு 700 அடி. இதைத் தாண்டி 1,200, 1,500 என்று முள் ஓடினால் சரிவைப் ‘பிடிக்க’ விமானம் பாய்கிறது என்று அர்த்தம். அந்தப் பாய்ச்சலில் ஏறும் வேகம் கடைசியில் ஓடுபாதை மேல்தான் வந்து விடியும்.

சிமுலேட்டரில் அடிக்கடி நடப்பதும் இதுதான். மேப்பில் ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டே வருவார்கள். 8 மைலில் 5,000 அடி, வேகம் 240. ‘இன்னும் தூரம் இருக்கே!’ என்று தோன்றும். உண்மையில் அங்கே இருக்க வேண்டிய உயரம் சுமார் 2,400 அடி. விமானம் இரண்டு மடங்குக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. அடுத்த மூன்று நிமிடத்தில் நடப்பவையெல்லாம் இந்த ஒரு தப்பை மூடி மறைக்கும் வேலைகள்தான்: ஸ்பீட் பிரேக், அவசரமாக ஃபிளாப், அதன் வேக வரம்பைத் தாண்டியதால் ஓர் அலாரம், கடைசியில் ஓடுபாதை வாசலில் 170 நாட்.

1,000 அடியில் ஒரு வாசல்

விமான நிறுவனங்கள் இதற்கு ஒரு வாசல் வைத்திருக்கின்றன. ‘ஸ்டேபிலைஸ்டு அப்ரோச்’ என்று பெயர். ஃபிளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் வகுத்த பொது அளவுகோலின்படி, மேகமூட்டத்தில் கருவிகளை நம்பி வரும்போது 1,000 அடியிலும், வெளியே தெளிவாகத் தெரியும்போது 500 அடியிலும் சில விஷயங்கள் சரியாக இருந்தாக வேண்டும். சக்கரங்கள் வெளியே, ஃபிளாப் இறங்கும் நிலையில். வேகம், அந்த எடைக்குரிய இறங்கு வேகத்துக்குக் கீழே போகவும் கூடாது, அதைவிட 20 நாட்டுக்கு மேல் அதிகமாகவும் கூடாது. இறங்கும் விகிதம் நிமிடத்துக்கு 1,000 அடிக்குள். இன்ஜின் ஐடிலில் தூங்காமல் தேவையான விசையில். பாதையும் சரிவும் சின்னச் சின்னத் திருத்தத்தில் நிற்கும் நிலையில்.

இதில் ஒன்று குறைந்தாலும் இறங்கக் கூடாது. த்ராட்டிலைத் தள்ளி மேலே போய், ஒரு சுற்று சுற்றி மறுபடி வர வேண்டும். அதுதான் ‘கோ-அரவுண்ட்’.

வேகம் அதிகமானால் என்ன ஆகிவிடும்? இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 140-க்குப் பதில் 160 நாட்டில் வந்தால் வேகம் 14 சதவீதம்தான் அதிகம். பிரேக் கரைக்க வேண்டிய ஆற்றலோ 30 சதவீதம் அதிகம். அதோடு விமானம் தரைக்குச் சில அடி மேலே இறங்காமல் மிதக்கும். பத்து நொடி மிதந்தால் 700 மீட்டருக்கு மேல் ஓடுபாதை போச்சு.

வேகம் குறைந்தாலும் ஆபத்துதான். 2013 ஜூலை 6 அன்று சான்ஃபிரான்சிஸ்கோவில் ஏசியானா நிறுவனத்தின் போயிங் 777 கடல் தடுப்புச் சுவரில் மோதி மூவர் இறந்தனர். ஆட்டோ த்ராட்டில் வேகத்தைப் பார்த்துக்கொள்ளும் என்று விமானிகள் நம்பினார்கள். ஆனால் தேர்வு செய்த முறையில் அது வேகத்தைக் கவனிக்கவில்லை. 137 நாட் இருக்க வேண்டிய இடத்தில் சுமார் 103 வரை விழுந்தது. சிமுலேட்டரில் ‘ஆட்டோ த்ராட்டில் போட்டிருந்தேனே, ஏன் விழுந்துச்சு?’ என்று குழம்புகிறவர்களுக்கு இதில் பாடம் இருக்கிறது. பொத்தானில் விளக்கு எரிவதைப் பார்த்தால் போதாது. வேகமானியைப் பார்க்க வேண்டும்.

கடைசி 50 அடி: சில வீட்டு வைத்தியங்கள்

வாசலைச் சரியாகக் கடந்து வந்தவருக்குக் கடைசிக் கட்டம் அவ்வளவு பயங்கரமில்லை. ஓடுபாதையின் தொடக்கத்தைச் சுமார் 50 அடி உயரத்தில் கடக்க வேண்டும். பக்கவாட்டில் எரியும் பாப்பி விளக்குகள் நான்கில் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் சரிவு சரி. நான்கும் சிவப்பு என்றால் ரொம்பத் தாழ்வு. நான்கும் வெள்ளை என்றால் ரொம்ப உயரம்.

737-ல் சுமார் 20 அடியிலும், ஏ320-ல் சுமார் 30 அடியிலும் மூக்கை இரண்டு, மூன்று டிகிரி மட்டும் தூக்கினால் போதும். இதுதான் ‘ஃபிளேர்’. செஸ்னாவில் செய்வதுபோல இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தால் விமானம் மிதக்கும், அல்லது வால் தரையில் உரசும். பார்வை பக்கத்துத் தரையில் இருக்கக் கூடாது. ஓடுபாதையின் மறுமுனைக்குப் போக வேண்டும். துள்ளிவிட்டால் மூக்கைக் கீழே அமுக்கவே கூடாது. சின்னத் துள்ளல் என்றால் மூக்கை அப்படியே பிடித்துக்கொண்டு இறங்கலாம். பெரிய துள்ளல் என்றால் கோ-அரவுண்ட்தான்.

ஏ320 ஓட்டுகிறவர்கள் தங்கள் த்ராட்டில் கருவியையும் சோதிக்க வேண்டும். அந்த விமானத்தில் நெம்புகோல் ‘க்ளைம்ப்’ என்ற பள்ளத்திலேயே இருக்கும்; இன்ஜின் தானாகக் கூடும், குறையும். 20 அடியில் ‘ரிடார்ட்’ என்று ஒரு குரல் நினைவூட்டும். அப்போது நெம்புகோலை ஐடிலுக்கு இழுக்க வேண்டும். வீட்டிலுள்ள ஜாய்ஸ்டிக்கில் அந்தப் பள்ளங்கள் இல்லை. கேலிபிரேஷன் சரியில்லை என்றால் கை கீழே இருந்தாலும் விமானம் ஐடிலை உணராது. இறக்கை மேலுள்ள ஸ்பாய்லர்கள் எழாது, விமானம் நிற்காது. இதைச் சின்ன விஷயம் என்று விட முடியாது. 2007 ஜூலை 17 அன்று பிரேசிலின் சாவோ பாவ்லோவில் டாம் நிறுவனத்தின் ஏ320 ஓடுபாதையைத் தாண்டிப் பாய்ந்து 199 பேர் இறந்தனர். ஓர் இன்ஜினின் நெம்புகோல் ‘க்ளைம்ப்’ நிலையிலேயே இருந்ததாக விமானத்தின் தகவல் பதிவுக் கருவி காட்டியது. ஸ்பாய்லர்கள் எழவில்லை.

மார்க் போடும் முறையே தப்பு

சிமுலேட்டர் உலகில் லேண்டிங்குக்கு மார்க் போடும் வழக்கம் ஒன்று உண்டு. தரையைத் தொட்ட கணத்தில் நிமிடத்துக்கு எத்தனை அடி வேகத்தில் விமானம் இறங்கியது என்று பார்ப்பார்கள். 60 அடி என்றால் ‘வெண்ணெய் மாதிரி’ என்று கைத்தட்டல். 250 என்றால் கிண்டல்.

இந்த மார்க் ஒரு தப்பான பழக்கத்தை வளர்க்கிறது. மெத்தென்று தொட ஆசைப்படுகிறவர் தரைக்கு மேல் மிதப்பார். அதற்குள் ஓடுபாதை ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் திரையில் 60 என்று வந்துவிடும்; அவர் ஜெயித்துவிட்டதாக நினைப்பார். நிஜ விமானிகளுக்குச் சொல்லித் தருவது நேர்மாறு. ஓடுபாதையின் முதல் 3,000 அடி அல்லது முதல் மூன்றில் ஒரு பங்கு, இதில் எது குறைவோ அதற்குள் தொட வேண்டும். ஈரமான ஓடுபாதையில் கொஞ்சம் அழுத்தமாகவே தொட வேண்டும். அப்போதுதான் சக்கரம் தண்ணீர்ப் படலத்தைக் கிழித்துத் தரையைப் பிடிக்கும்.

வீட்டு சிமுலேட்டரின் குணமும் இந்த மார்க்குக்கு எதிராகவே இருக்கிறது. ஒற்றைத் திரையில் ஆழம் தெரியாது, ஓரப்பார்வை கிடையாது. உடம்பு கீழே இறங்குகிற உணர்வும் இல்லை. கடைசி 30 அடியை உணர்ந்து பழக அது நல்ல இடமே அல்ல. ஆனால் அதற்கு முந்தைய 10 மைலைப் பழக அதைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம். உயரம், தூரம், வேகம், இறங்கும் விகிதம் என்று எல்லாமே எண்கள். திரையில் தெரியும் எண்ணும் நிஜ காக்பிட்டில் தெரியும் எண்ணும் ஒரே அர்த்தம் தருபவை. நன்றாகச் சொல்லித் தரக்கூடியதை விட்டுவிட்டு, சொல்லித் தர முடியாததற்கு மார்க் போட்டுக்கொண்டிருப்பதுதான் வேடிக்கை.

மங்களூருவும் கோழிக்கோடும்

2010 மே 22. துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 737-800 மங்களூருவில் இறங்கியபோது உயரம் அதிகம், வேகமும் அதிகம். துணை விமானி மூன்று முறை கோ-அரவுண்ட் போகச் சொன்னதாக விசாரணை அறிக்கை சொல்கிறது. கேப்டன் தொடர்ந்தார். சுமார் 8,000 அடி ஓடுபாதையில் 5,200 அடி கடந்த பிறகுதான் சக்கரம் தரையைத் தொட்டது. மேட்டு நிலத்தில் அமைந்த விமான நிலையம் அது. விமானம் விளிம்பைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 166 பேரில் 158 பேர் இறந்தனர்.

2020 ஆகஸ்ட் 7. கரோனா காலத்தில் துபாயிலிருந்து தாயகம் திரும்பியவர்களுடன் அதே நிறுவனத்தின் இன்னொரு 737-800 கோழிக்கோட்டுக்கு வந்தது. நல்ல மழை. முதல் முயற்சியைக் கைவிட்டு மேலே போனார்கள். அது சரியான முடிவு. இரண்டாவது முறை எதிர்ப்பக்க ஓடுபாதையில், பின்காற்றுடன் வந்தார்கள். 8,858 அடி ஓடுபாதையில் 4,438 அடியைத் தாண்டித் தொட்டது. இங்கேயும் உடனிருந்த விமானி ‘கோ-அரவுண்ட்’ என்று சொன்னார், இறக்கம் தொடர்ந்தது. இரு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தனர்.

இரண்டு விபத்துக்கும் மழை, களைப்பு, பழுது, நிர்வாகம் என்று பல காரணங்கள் சேர்ந்திருந்தன. விமானிகளை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயம் அல்ல. ஆனால் இரண்டிலும் ஒரு கதவு கடைசிவரை திறந்திருந்தது. அருகில் இருந்தவர் அதைச் சுட்டிக்காட்டியும் யாரும் அதன் வழியே போகவில்லை.

மேலே போக ஏன் மனசு வருவதில்லை?

இது அந்த இரு கேப்டன்களின் தனிக் குணம் அல்ல. ஸ்டேபிலைஸ் ஆகாத அப்ரோச்களில் சுமார் 3 சதவீதம் மட்டுமே கோ-அரவுண்டில் முடிகின்றன என்று ஃபிளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் சொல்கிறது. மற்றவை ‘பரவாயில்லை, பார்த்துக்கலாம்’ என்று இறங்கிவிடுகின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை பத்திரமாகவே முடிவதால், அடுத்த முறையும் அதே தைரியம் வருகிறது. ஓடுபாதை கண்ணுக்கு எதிரே இருக்கும்போது ‘இதோ வந்தாச்சு’ என்ற நினைப்பு மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

பார்ப்பவர்களும் இதற்கு ஒரு காரணம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலின்போது சென்னையில் ஓர் இண்டிகோ விமானம் ஓடுபாதைக்கு மேல் காற்றில் ஆடி, சட்டென்று மேலே எழுந்து போன வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. ‘மயிரிழையில் தப்பியது’ என்று பதறினார்கள். அந்தக் காற்றில் இறங்க முயன்றிருக்க வேண்டுமா என்பது நியாயமான கேள்வி. ஆனால் மேலே போனது தோல்வி அல்ல. அந்த வீடியோவில் சரியாக நடந்த விஷயமே அதுதான்.

கோ-அரவுண்ட் சும்மா வந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். இறக்கைக்குக் கீழே இன்ஜின் தொங்கும் 737 போன்ற விமானத்தில் முழு விசை கொடுத்ததும் மூக்கு தானாக எகிறும். அதைக் கட்டுப்படுத்தி, ஃபிளாப்பை ஒரு கட்டம் ஏற்றி, விமானம் மேலே ஏறுவது உறுதியானதும் சக்கரத்தை மடக்க வேண்டும். 2016-ல் ரஷ்யாவின் ரோஸ்தோவ் நகரில் ஃப்ளைதுபாய் 737-800 கோ-அரவுண்டின்போதே கட்டுப்பாட்டை இழந்து 62 பேர் இறந்தனர். எப்போதாவது ஒரு முறை செய்யும் வேலை என்பதால்தான் அது கைக்கு வராமல் போகிறது. எவ்வளவு முறை வேண்டுமானாலும் இலவசமாகப் பழக சிமுலேட்டர் இருக்கிறது. அதில் பழகாமல் வேறு எங்கே பழகுவது?

‘விளையாட்டுதானே, எதுக்கு இத்தனை கெடுபிடி?’

இப்படிக் கேட்பதிலும் நியாயம் உண்டு. வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் ஜாலியாக ஓட்டுகிறவர் எதற்குச் சட்டம் படிக்க வேண்டும்? படிக்க வேண்டியதில்லை. இஷ்டப்படி ஓட்டலாம், பாலத்துக்குக் கீழே பறக்கலாம். ஆனால் ‘எத்தனை தடவை முயற்சி பண்ணாலும் லேண்டிங் வரல’ என்று அலுத்துக்கொள்கிறவருக்கு இந்த வழிதான் சீக்கிரம் பலன் தரும். ஒரு நாள் விமானி ஆக வேண்டும் என்ற கனவோடு திரைமுன் உட்காரும் பிள்ளைகளுக்கோ, கை பழகுவதற்கு முன்பே மனசு பழகும் இடம் இது. ‘எப்படியாவது இறக்கிடணும்’ என்று ஆயிரம் முறை பழகிய மனசு, நிஜ காக்பிட்டில் உட்கார்ந்ததும் ஒரே நாளில் மாறிவிடாது.

எனவே மார்க் போடும் முறையை மாற்றிக்கொள்ளலாம். 1,000 அடியில் எல்லாம் சரியாக இருந்ததா? ஓடுபாதையின் முதல் பகுதிக்குள் சக்கரம் தொட்டதா? சரியில்லாதபோது மேலே போனாரா? மூன்றுக்கும் ‘ஆமாம்’ என்றால் தொட்ட வேகம் 250 அடியாக இருந்தாலும் அது நல்ல லேண்டிங். முதலில் சென்னை மாதிரி 3,600 மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஓடுபாதையில் பழகலாம். பிறகு மங்களூரு, கோழிக்கோடு என்று சுருக்கிக்கொண்டு வரலாம். பத்து முயற்சியில் இரண்டை, எல்லாம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்போதே வேண்டுமென்று கைவிட்டு மேலே போய்ப் பழகுவது இன்னும் நல்லது. அப்படிப் பழகினால்தான் தேவைப்படும் நாளில் கை தயங்காது.

ஒரு சுற்று சுற்றிவர சிமுலேட்டரில் பத்து நிமிஷம் ஆகும். நிஜ விமானத்திலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் ஆகும்.